பலகைச் செருப்பு போட்டு நீந்திய சிறுவன்!

குழந்தைகளே! கடலுக்கடியில் ‘ஸ்கூபா’ நீச்சல் வீரர்கள் நீந்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காலில் வாத்தின் பாதம் போல அகலமாக ஒன்றை மாட்டியிருப்பார்கள் அல்லவா? அதற்கு ‘ஃபின்’ என்று பெயர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே அதுபோன்ற ஒன்றைச் செய்து பார்த்த சிறுவனைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி பிறந்தான் அவன். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள். இவன் பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள்தான். பத்து வயதிலேயே தந்தைக்கு உதவியாகத் திரி நறுக்கும் வேலையில் இறங்கிவிட்டான்.

கப்பலில் போக அவனுக்குக் கொள்ளை ஆசை. தந்தை சம்மதிக்கவில்லை. ஆனாலும், தண்ணீர் அருகிலேயே இருந்ததால் சிறு வயதிலேயே நன்றாக நீந்தப் பழகினான்.

இன்னும் வேகமாக நீந்த என்ன வழி? முட்டை வடிவில் இரண்டு பலகைகளைச் செய்தான். ஒவ்வொன்றும் சுமார் 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். கட்டை விரலை நுழைக்க ஓர் ஓட்டையும் போட்டான். அவற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தியபோது வேகம் கூடியது! ஆனால், மணிக்கட்டு வலித்துக் களைத்துப்போனது.

அடுத்து, உள்ளங்காலில் பலகைச் செருப்பு மாட்டிப் பார்த்தான். அதுவும் திருப்தி தரவில்லை. ஏன் என்று யோசித்தான். நீந்தும்போது உள்ளங்கால் மட்டும் தண்ணீரைத் தள்ளுவதில்லை. பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் சேர்ந்தே தள்ளுகின்றன. பலகையோ உள்ளங்காலுக்கு மட்டும்தான் உதவியது!

அந்தச் சிறுவன்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்! அச்சகத் தொழிலாளியாக லண்டன் சென்ற அவர், 1726இல் தேம்ஸ் நதியில் பல கிலோமீட்டர் தூரம் நீந்திக் காட்டினார். பிறகு இடிதாங்கியைக் கண்டுபிடித்தார். 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். முதுமையில், தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் கண்ணாடியை மாற்றி மாற்றி அணிவது தொல்லையாக இருந்தது. இரண்டையும் வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டார்!

1790 ஏப்ரல் 17ஆம் தேதி ஃபிலடெல்பியாவில் அவர் காலமானார். 1933இல்தான் பிரான்ஸ் கடற்படை அதிகாரி லூயி டி கார்லியூ ரப்பர் ஃபின்னுக்குக் காப்புரிமை பெற்றார். 1968இல் சர்வதேச நீச்சல் புகழரங்கத்தில் ஃபிராங்க்ளினின் பெயரும் இடம்பெற்றது.

இன்றும் ஃபின் வாங்குபவர்கள் அவர் கண்ட அதே சிக்கலைத்தான் கவனிக்க வேண்டும். நீளமான, விறைப்பான ஃபின் வேகம் தரும். பழகாத காலைக் களைப்படையச் செய்யும். இறுக்கமாக இருந்தால் கால் மரத்துப்போகும். தளர்வாக இருந்தால் தோல் உரசிக் கொப்புளம் வரும். வேகமும் வேண்டும், காலுக்கும் பொருந்த வேண்டும்!

நீங்களும் நீச்சல் பழகுங்கள், குழந்தைகளே... பெரியவர்கள் துணையோடு! நீங்கள் செய்து பார்க்கும் ஒன்று சரியாக வரவில்லையா? தூக்கி எறியாதீர்கள். ஏன் என்று யோசியுங்கள்!