ஜோசப் கிளிடன்

ஜோசப் ஃபார்வெல் கிளிடன் (ஜனவரி 18, 1813 – அக்டோபர் 9, 1906) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் உழவர் ஆவார். இன்று உலகெங்கும் காணப்படும் முள்கம்பி வேலியை நடைமுறைக்கு உகந்த வடிவில் முதன்முதலில் செய்து காப்புரிமம் பெற்றவர் இவரே. முள்கம்பி என்னும் கருத்து இவருக்கு முன்பே பலருக்குத் தோன்றியிருந்தது. ஆயினும் மரமும் கல்லும் இல்லாத புல்வெளி மண்ணில், குறைந்த செலவில், பல ஆண்டுகள் நிற்கக்கூடிய வேலியாக அது உருப்பெற்றது இவருடைய கையில்தான். அதன் விளைவாக அமெரிக்க மேற்கின் நில உரிமை, மேய்ச்சல் முறை, வேலிச் சட்டங்கள் ஆகிய மூன்றும் இருபது ஆண்டுகளுக்குள் மாறிப்போயின.

இளமைக் காலம்

கிளிடன் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் சார்லஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய சிறு வயதிலேயே குடும்பம் நியூ யார்க் மாநிலத்திலுள்ள கிளாரண்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பண்ணை வேலைகளில் வளர்ந்த இவர், கல்வி முடித்துச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மீண்டும் வேளாண்மைக்கே திரும்பினார்.

1837 ஆம் ஆண்டு கிளாரிசா ஃபாஸ்டர் என்பவரை மணந்தார். 1840களின் தொடக்கத்தில் மேற்கே இலினொய் மாநிலத்தின் டிகால்ப் பகுதிக்குச் சென்று குடியேறினார். அக்காலம் இவருக்கு மிகவும் துயரமானது. இரண்டு ஆண் குழந்தைகளையும் இழந்திருந்த நிலையில், 1843 இல் மனைவியும் பிறந்த பெண் குழந்தையும் இறந்தனர். கிளிடன் ஊர் திரும்பவில்லை. டிகால்ப் ஊருக்கு மேற்கே சுமார் 600 ஏக்கர் நிலம் வாங்கிப் பயிரிட்டார். 1851 இல் லூசிண்டா வார்ன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு எல்வா என்ற ஒரே மகள். 1852 இல் டிகால்ப் மாவட்டத்தின் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேலிச் சிக்கல்

கிளிடனின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள, அவர் விட்டு வந்த மண்ணையும் வந்து சேர்ந்த மண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நியூ ஹாம்ப்சயர் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து மாநிலங்கள் பனியாறுகள் விட்டுச் சென்ற கற்கள் நிறைந்தவை. உழும்போது கிளம்பும் கற்களை வயல் ஓரத்தில் அடுக்கினாலே அது மதிலாகிவிடும். காடுகளும் அருகில் இருந்ததால் மரச்சட்ட வேலிக்கும் குறைவில்லை. இலினொயின் பிரெய்ரி புல்வெளியோ ஆழமான கரிய மண்ணைக் கொண்டது. விளைச்சலுக்கு மிகச் சிறந்தது. ஆனால் ஆற்றோரங்களைத் தவிர மரங்கள் அரிது, கற்களும் குறைவு. மரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து வேலியிட்டால், நிலத்தின் விலையைவிட வேலியின் செலவு மிகுதியாகிவிடும் நிலை பல இடங்களில் இருந்தது.

இதற்கு மாற்றாக ஓசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்க்கும் வழக்கம் பரவியது. தமிழகத்தில் கிளுவை நட்டு வேலி அமைப்பதை இது ஒத்தது. இலினொயில் ஜொனாதன் பால்டுவின் டர்னர் என்ற கல்வியாளர் இதனைப் பெரிதும் பரப்பினார். ஆனால் இவ்வேலி கால்நடைகளைத் தடுக்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆண்டுதோறும் கத்தரிக்க வேண்டியிருந்தது. வேர்கள் பயிரின் நீரையும் சத்தையும் உறிஞ்சின. தெற்குப் பகுதிக்குரிய அம்மரம் வட இலினொயின் கடுங்குளிரில் சில ஆண்டுகள் கருகியும் போனது. முள் இல்லாத வெறுங்கம்பியும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. அது குளிர்காலத்தில் சுருங்கி அறுந்தது, கோடையில் தொய்ந்தது. மாடுகள் அதன்மேல் சாய்ந்து உடலைத் தேய்த்துக்கொண்டன.

சட்டமும் இதில் தொடர்புடையது. கால்நடை வளர்ப்பவரே அதைக் கட்டிக் காக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். அமெரிக்காவின் தெற்கு, மேற்கு மாநிலங்கள் பலவற்றில் இது தலைகீழாக இருந்தது. மாடுகள் திறந்தவெளியில் திரியலாம். பயிரைக் காக்க விரும்புபவரே வேலியிட வேண்டும். சட்டம் வரையறுத்த உயரத்திலும் உறுதியிலும் வேலி இல்லாதவருக்குப் பயிர் அழிந்தாலும் இழப்பீடு கிடையாது. மரம் உள்ள ஊர்களுக்கு ஏற்ற இவ்விதி, மரமற்ற புல்வெளியில் ஏழைக் குடியேறிகளை வாட்டியது. 1862 ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தால் 160 ஏக்கர் இலவசமாகப் பெற்றவருக்குக்கூட, அதைச் சுற்றி வேலியிடப் பணம் இருப்பதில்லை. 1870களின் தொடக்கத்தில் கன்சாஸ், நெப்ராஸ்கா ஆகியவை மாட்டுக்காரரே மாட்டைக் காக்க வேண்டும் என்று விதியை மாற்ற முற்பட்டதற்கு இதுவே காரணம்.

முள்கம்பி

முள்கம்பிக்கான காப்புரிமங்கள் பிரான்சில் 1860 இலும், அமெரிக்காவில் 1867 முதலும் வழங்கப்பட்டுள்ளன. 1868 இல் மைக்கேல் கெல்லி பெற்ற காப்புரிமம் இவற்றுள் முக்கியமானது. ஆயினும் இவை எவையும் பரவலாகவில்லை. முட்கள் கம்பியின்மேல் நழுவுதல் அல்லது சுழலுதல், அல்லது செய்வதற்குச் செலவு மிகுதல் என ஏதாவதொரு குறை இருந்தது.

1873 இல் டிகால்பில் நடந்த மாவட்டக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்ற உழவர் ஒரு மரச்சட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். அதில் கூரிய கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வேலி தாண்டும் முரட்டுப் பசு ஒன்றின் தலையில் கட்டுவதற்காக முதலில் இதைச் செய்தார் என்றும், பிறகு வேலியிலேயே தொங்கவிட்டார் என்றும் கூறப்படுகிறது. அதைக் கண்டவர்களுள் மூவர், தனித்தனியே, முட்களை மரத்தில் வைப்பதைவிடக் கம்பியிலேயே வைக்கலாமே என்று எண்ணினர். ஒருவர் கிளிடன். மற்ற இருவர் இரும்புப் பொருள் வணிகரான ஐசக் எல்வுட், செருமனியில் பிறந்த தச்சரும் மர வணிகருமான ஜேக்கப் ஹைஷ். மூவரும் ஒரே ஊரினர் என்பது வியப்பிற்குரியது.

கிளிடன் தம் வீட்டிலிருந்த காப்பி அரைக்கும் கைப்பொறியை மாற்றியமைத்து, சிறு கம்பித் துண்டுகளை வளைத்து முட்களாக்கினார். முட்களை ஒரு நீண்ட கம்பியில் கோத்தார். முள் நழுவாமல் இருக்க அவர் கண்ட வழி எளிமையானது: முட்கள் கோத்த கம்பியோடு இரண்டாவது கம்பி ஒன்றைச் சேர்த்து, சாணைக்கல்லைச் சுழற்றும் கைப்பிடியின் உதவியால் இரண்டையும் முறுக்கினார். முறுக்கின் பிடியில் ஒவ்வொரு முள்ளும் தன் இடத்திலேயே நின்றது. முறுக்கிய இரட்டைக் கம்பி வெப்பத்தில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் கொடுத்ததால், அறுந்துபோவதும் குறைந்தது. மனைவியின் கொண்டை ஊசியைப் பார்த்தே முள்ளின் வடிவம் தோன்றியது என்றொரு கதையும் வழங்கி வருகிறது.

அக்டோபர் 27, 1873 அன்று காப்புரிமத்திற்கு விண்ணப்பித்தார். ஹைஷ் எதிர்ப்புத் தெரிவித்ததால் காலம் தாழ்ந்து, நவம்பர் 24, 1874 அன்று 157124 என்ற எண்ணுடைய காப்புரிமம் கிளிடனுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, 1874 சூலையில், எல்வுட் தம்முடைய வடிவத்தைவிட இதுவே சிறந்தது என்று உணர்ந்து, 265 டாலர் கொடுத்து உரிமையில் பாதியை வாங்கியிருந்தார். இருவரும் இணைந்து டிகால்பில் ஒரு தொழிற்கூடம் நிறுவினர்.

மண்ணில் வேலி நின்ற விதம்

முள்கம்பி வேலிக்குத் தேவையானவை கம்பிச் சுருளும் இடைவெளி விட்டு நட்ட மரக்கால்களும் மட்டுமே. சட்ட வேலிக்கு வேண்டிய மரத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். உயிர்வேலியைப் போல் இது நிலத்தை அடைப்பதில்லை, மண்ணின் சத்தை உறிஞ்சுவதில்லை, நிழல் விழுத்துவதில்லை. காற்று ஊடே செல்வதால் பனிக்குவியல் சேர்வதும் குறைவு. புல்வெளித் தீயில் மரக்கால் எரிந்தாலும் கம்பி பெரும்பாலும் எஞ்சியது.

வேலியின் வலு உண்மையில் மண்ணுக்குள்தான் இருந்தது. இழுத்துக் கட்டிய கம்பிகள் மூலைக்கால்களைத் தொடர்ந்து உள்நோக்கி இழுப்பதால், அக்கால்களை ஆழமாகப் புதைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். ஈரம் தங்கும் கரிசல் மண்ணில் சாதாரண மரம் விரைவில் உளுத்துவிடும் என்பதால் செடார், ஓசேஜ் ஆரஞ்சு போன்ற உறுதியான மரங்கள் விரும்பப்பட்டன. உயிர்வேலியாக நடப்பட்ட ஓசேஜ் ஆரஞ்சே பின்னர் வெட்டப்பட்டு முள்கம்பிக்குக் காலாயிற்று. வட பகுதிகளில் தரை உறைந்து இளகும்போது ஆழம் குறைந்த கால்கள் மேலே தள்ளப்படும். அங்கே இன்னும் ஆழமாக நட வேண்டியிருந்தது.

விற்பனையும் வழக்குகளும்

1876 இல் கிளிடன் தம் எஞ்சிய பாதி உரிமையை மாசச்சூசெட்சு மாநிலத்தின் வாஷ்பர்ன் அண்டு மோயன் கம்பி நிறுவனத்திற்கு விற்றார். கையில் 60,000 டாலரும், விற்கப்படும் ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 25 சென்ட் உரிமத்தொகையும் பெற்றார். 1874 இல் 10,000 பவுண்டாக இருந்த முள்கம்பி உற்பத்தி, 1880 இல் 8 கோடி பவுண்டைத் தாண்டியது. ஆகவே அந்த 25 சென்ட்தான் அவரைப் பெருஞ்செல்வர் ஆக்கியது.

வாஷ்பர்ன் அண்டு மோயன் மற்ற காப்புரிமங்களையும் வாங்கிக் குவித்து, உரிமம் இன்றிக் கம்பி செய்தவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1880 டிசம்பரில் சிக்காகோ நடுவண் நீதிமன்றம் நிறுவனத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பால் உழவர்கள் கொதிப்படைந்தனர். அயோவா மாநில உழவர்கள் ஒன்றுகூடித் தாங்களே முள்கம்பி ஆலை நடத்தினர். அவர்களுக்காக வாதாடிய ஆல்பர்ட் கம்மின்சு பின்னாளில் அம்மாநில ஆளுநரானார். உழவருக்காக உழவர் ஒருவர் செய்த பொருளை உழவர்களே எதிர்த்து நின்றது இக்கதையின் விந்தையான பகுதி எனலாம். எனினும் அந்த எதிர்ப்பு விலைக்கும் தனியுரிமைக்கும் எதிரானதே அன்றி வேலிக்கு எதிரானது அன்று.

இறுதியாக, பிப்ரவரி 29, 1892 அன்று உச்ச நீதிமன்றம் கிளிடனின் காப்புரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1859 வாக்கிலேயே அயோவாவின் டெல்கி என்ற ஊரில் ஒருவர் முள்கம்பி வேலியைக் காட்சிக்கு வைத்தார் என்ற எதிர்த்தரப்பு வாதம் ஏற்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து கூறும் சாட்சியம் போதாது என்றும், தோல்வியை வெற்றியாக மாற்றும் கடைசி அடியை எடுத்து வைத்தவரே கண்டுபிடிப்பாளர் என்றும் நீதிமன்றம் கருதியது. ஆனால் 17 ஆண்டுக் காப்புரிமம் 1891 நவம்பரிலேயே காலாவதியாகி இருந்தது. 1926 இல் இறந்த ஹைஷ், தாமே உண்மையான கண்டுபிடிப்பாளர் என்று கடைசி வரை கூறிவந்தார்.

டெக்சாசு பண்ணையும் வேலி வெட்டும் கலவரமும்

டெக்சாசு மாட்டுப் பண்ணையாளர்கள் முள்கம்பியைத் தொடக்கத்தில் நம்பவில்லை. அங்கே விற்பனை செய்யச் சென்ற ஹென்றி சான்பார்ன், கிளிடனின் குடும்பத்தோடு திருமண உறவு கொண்டவர். 1880களின் தொடக்கத்தில் கிளிடனும் சான்பார்னும் இணைந்து, பின்னாளில் அமரில்லோ நகரம் எழுந்த பகுதியில் ஒரு பெரும் பண்ணையை அமைத்தனர். மாடுகளுக்கு இட்ட சூட்டுக்குறி வாணலியைப் போன்று தோன்றியதால் அது வாணலிப் பண்ணை என்று பெயர் பெற்றது. சுற்றிலும் சுமார் 120 மைல் நீளத்திற்கு முள்கம்பி வேலி போடப்பட்டது. கம்பி கன்சாசின் டாட்ஜ் சிட்டி இரயில் நிலையத்திலிருந்து வண்டிகளில் வந்தது. செடார் கால்கள் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் வெட்டப்பட்டன. மரமற்ற சமவெளியிலும் இவ்வேலி நிற்கும் என்பதற்கு இப்பண்ணை ஒரு காட்சிப்பொருளாக அமைந்தது.

ஆனால் வேலி எல்லாருக்கும் நன்மை தரவில்லை. பெரும் பண்ணையாளர் சிலர் தமக்குச் சொந்தமில்லாத பொது நிலங்களையும், நீர்நிலைகளையும், பாதைகளையும் சேர்த்து அடைத்தனர். நிலமின்றி மாடு மட்டும் வைத்திருந்தவர்கள் வழியற்றுப் போயினர். 1883 ஆம் ஆண்டு வறட்சியில் டெக்சாசின் பல மாவட்டங்களில் இரவு நேரங்களில் வேலிகள் வெட்டப்பட்டன; உயிர்களும் பலியாயின. ஆளுநர் ஜான் அயர்லாந்து சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். 1884 இல் இயற்றப்பட்ட சட்டம், வேலி வெட்டுவதை 1 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே வேளையில், பொது நிலத்தையோ பிறர் நிலத்தையோ அறிந்தே அடைப்பதும் குற்றமாயிற்று. பொதுப் பாதையின் குறுக்கே வேலியிடுவோர் 3 மைலுக்கு ஒரு வாயில் வைக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1885 இல் நடுவண் அரசும் பொது நிலங்களை அடைப்பதைத் தடை செய்தது.

வேலியின் தீங்கை மாடுகளும் அனுபவித்தன. தெற்கு நோக்கி நகரும் மாடுகளைத் தடுக்க டெக்சாசின் வடகோடியில் பண்ணையாளர்கள் நெடுந்தொலைவு வேலி எழுப்பியிருந்தனர். 1886 சனவரியில் வீசிய பனிப்புயலில், காற்றுக்கு முதுகு காட்டி வந்த ஆயிரக்கணக்கான மாடுகள் அவ்வேலியோரம் தேங்கி உறைந்து மடிந்தன. முட்கள் கிழித்த காயங்களில் புழு வைத்து இறந்தவையும் பல. பிற்காலக் கம்பிகளில் முட்கள் சிறிதாகவும், கம்பி மாட்டின் கண்ணில் எளிதில் படும்படியும் மாற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பூர்வகுடிகளின் வேட்டை நிலங்களும் பயண வழிகளும் இதே கம்பியால் துண்டாடப்பட்டன.

பிற்காலம்

கிளிடன் தம் செல்வத்தைக் கொண்டு டிகால்பில் வங்கி, மாவு ஆலை, தங்கும் விடுதி, செய்தித்தாள் எனப் பலவற்றில் ஈடுபட்டார். 1876 இல் மாநில மேலவைக்குப் போட்டியிட்டு வெற்றி பெறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றை டிகால்பிற்குக் கொண்டுவர எல்வுட், ஹைஷ் ஆகியோருடன் பாடுபட்டு, அதற்கென 60 ஏக்கருக்கும் மேற்பட்ட தம் நிலத்தை வழங்கினார். வழக்கு மன்றங்களில் மோதிக்கொண்டவர்கள் ஊருக்காக ஒன்றாக நின்றது குறிப்பிடத்தக்கது. 1899 இல் திறக்கப்பட்ட அக்கல்லூரியே இன்றைய வடக்கு இலினொய் பல்கலைக்கழகம். டெக்சாசு பண்ணையின் பொறுப்பு பின்னர் இவருடைய மருமகன் வில்லியம் புஷ்ஷிடம் சென்றது.

தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரித்தானியப் படைகள் முள்கம்பியைப் பெருமளவில் பயன்படுத்தியபோது கிளிடன் உயிருடன் இருந்தார். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளைக் காணும் முன்னரே, தமது 93 ஆம் அகவையில், டிகால்பில் காலமானார். 1861 இல் கட்டப்பட்ட இவரது வீடும், முதல் முள்கம்பி செய்யப்பட்ட தொழுவமும் டிகால்பில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வீடு 1973 இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு முட்கள் என்பதே பெயர்.