ஒரு படத்தைச் சுற்றி ஒரு வகுப்பு

செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் மார்ச் 28-ஆம் தேதி ஆசிரியர் தினம். 1592-ஆம் ஆண்டு மொராவியாவில் பிறந்த ஜான் அமோஸ் கொமேனியஸின் பிறந்த நாள் அது. ஆசிரியர் பயிற்சி பெற்ற பலரும் தேர்வுக்காகவேனும் அவர் பெயரை மனப்பாடம் செய்திருப்பர், நானும் செய்தேன். குழந்தைகளுக்கான படப் பாடநூலின் முன்னோடி என்பது அன்று இரண்டு மதிப்பெண்ணுக்குரிய விடை. அந்த விடைக்குப் பின்னால் இருந்த மனிதரை நான் அறிந்தது, இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகுதான்.

கொமேனியஸ் பன்னிரண்டு வயதை ஒட்டிப் பெற்றோரை இழந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்த அவர் லத்தீன் பள்ளியில் சேர்ந்தபோது வயது 16. தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க நேர்ந்த அந்தத் தாமதமே ஒருவகையில் அவருக்கு வரமாயிற்று. பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் திணிப்பதும், இலக்கண விதிகளைப் பிரம்பின் துணையோடு ஒப்பிக்க வைப்பதும் குழந்தை மனத்தை என்ன செய்கின்றன என்பதை அவரால் வளர்ந்தவரின் கண்ணோடு பார்க்க முடிந்தது. ஜெர்மனியின் ஹெர்போர்னிலும் ஹைடல்பெர்கிலும் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அவர், ஆசிரியராகப் பணியாற்றினார். 1616-இல் சகோதரர் ஒன்றியம் என்னும் சிறிய சீர்திருத்தத் திருச்சபையின் போதகரானார்.

ஐரோப்பாவைச் சிதைத்த முப்பதாண்டுப் போர் 1618-இல் மூண்டது. 1620-இல் பிராக் நகருக்கு அருகே வெண்மலைப் போரில் சீர்திருத்தச் சபையினரின் தரப்பு தோற்றது. அடுத்த ஆண்டு அவர் வாழ்ந்த ஃபுல்னெக் நகரம் சூறையாடப்பட்டது; வீடும் நூல்களும் பறிபோயின. அவர் தலைமறைவாக அலைந்த காலத்தில் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டு சென்றது. 1628-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அதன்பின் வாழ்ந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் சொந்த மண்ணில் குடியிருக்க அவருக்கு வாய்க்கவில்லை.

போலந்தின் லெஷ்னோ நகரில் அகதியாகத் தங்கி ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். 1631-இல் அவர் வெளியிட்ட லத்தீன் பாடநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அவரைப் புகழ்பெறச் செய்தது. இங்கிலாந்து அழைத்தது, அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டதால் சுவீடனுக்குச் சென்றார். 1648-இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை போரை முடித்து வைத்தபோதும் அவருடைய மக்களுக்கு நாடு திரும்பும் வழி பிறக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில்தான், ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி வேண்டும் என்றும், ஒரு வகுப்பினர் அனைவரும் ஒரே நூலை ஒன்றாகக் கற்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். அக்கால ஐரோப்பாவுக்கு இது துணிச்சலான எண்ணம்.

1650-இல் ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் நகரப் பள்ளியைச் சீரமைக்க அழைக்கப்பட்டார். அங்கிருந்த மாணவர்களுக்கு அவருடைய புகழ்பெற்ற பாடநூலே கடினமாக இருந்தது. பிள்ளைகளைக் குறை கூறாமல் தம் நூலை மாற்ற முனைந்ததில் இருக்கிறது அவருடைய பெருமை. படங்களைக் கொண்டு உலகை அறிமுகப்படுத்தும் நூலை அங்குதான் எழுதினார். படங்களைச் செதுக்கத் தகுந்த கலைஞர் அங்கே கிடைக்காததால் கைப்பிரதி ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகருக்குச் சென்றது. 1658-இல் அந்நூல் அச்சேறியது. 'ஆர்பிஸ் சென்சுவேலியம் பிக்டஸ்' என்பது அதன் பெயர். புலன்களால் அறியும் உலகம் படங்களாக என்று பொருள் கொள்ளலாம்.

அது வெளிவருவதற்கு முன்பே இன்னோர் இழப்பு அவரைத் தாக்கியது. லெஷ்னோவுக்குத் திரும்பியிருந்த அவர், போலந்தின் மீது படையெடுத்த சுவீடன் மன்னரைப் போற்றி எழுதியிருந்தார். 1656-இல் போலந்துப் படையினர் நகரைத் தீக்கிரையாக்கியபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொகுத்து வந்த செக் மொழி அகராதியும் எரிந்து சாம்பலானது. தாய்மொழிக்காக வாழ்நாளெல்லாம் சேர்த்த சொற்கள் ஒரே நாளில் இல்லாமற் போயின. அறுபத்து நான்கு வயதில் அவர் மீண்டும் அகதியாகி ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்தார்.

இந்த வரலாற்றை அறிந்த பிறகு அப்படநூலைப் புரட்டுவது வேறோர் அனுபவம். நூற்றைம்பது பாடங்கள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு மரச்செதுக்குப் படம். வானம், தீ, பறவைகள், ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், நூல் கட்டுபவர் என உலகம் விரிகிறது. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண், கீழே லத்தீன் வரியிலும் பக்கத்தில் ஜெர்மன் வரியிலும் வருகிறது. படம் மேலே நிற்க, இரு மொழிகள் அதன் கீழே அருகருகே சமமாக அமர்கின்றன. 1666-இல் நான்கு மொழிகளில் ஒரு பதிப்பு வந்தது. 1685-இல் லெவோச்சா நகரில் வெளியான பதிப்பில் லத்தீன், ஜெர்மன், ஹங்கேரியன் ஆகியவற்றோடு செக் மொழியும் இடம் பெற்றது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. அந்நூலின் பள்ளிக்கூடப் படத்தில் கவனமின்றிப் பேசும் மாணவருக்குப் பிரம்படி உண்டு. பிற சமயங்களுக்கும் பக்கங்கள் ஒதுக்கினார். ஆனால் அவற்றைத் தம் சமயத்தின் சாளரம் வழியாகவே பார்த்தார். நூலின் முதன்மை நோக்கமும் லத்தீன் கற்பிப்பதே. ஆயினும் குழந்தைகள் அப்படங்களைப் பார்த்துத் தாமும் வரைய ஊக்குவிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். கற்றல் இன்பமாக இருக்கவேண்டும் என்பதை அவர் மறக்கவே இல்லை.

அவரை நான் தேடிச் சென்றதற்குக் காரணம் ஒரு சிறுமி. வேற்று மாநிலத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. என் மூன்றாம் வகுப்பில் இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் அவளை ஊமை என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர். நானும் அதை உரக்கக் கண்டிக்கவில்லை. பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. ஒருநாள் வீடு கட்டும் காட்சி நிறைந்த படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தரையில் விரித்து, சுற்றி அமரச் சொல்லி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அவள் எட்டி வந்து செங்கல்லின் மேல் விரலை வைத்துத் தன் மொழியில் அதன் பெயரைச் சொன்னாள். பக்கத்திலிருந்த பையன் தமிழில் சொன்னான். பின்னர் மண் பிசைவதையும் அச்சில் வார்ப்பதையும் அவள் கைகளாலேயே செய்து காட்டினாள். அன்று வகுப்பில் செங்கல்லைப் பற்றி அதிகம் தெரிந்தவள் அவள்தான். அந்தப் பட்டப்பெயர் உடனே மறையவில்லை. ஆனால் மறுநாள் இருவர் அவளைத் தங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டனர்.

எழுத்து நிறைந்த பக்கம் வகுப்பை வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என இரண்டாகப் பிரித்துவிடுகிறது. படம் அப்படிப் பிரிப்பதில்லை. அதில் ஒருவர் காணாததை இன்னொருவர் காண்கிறார்; ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கப் பழகிய பிள்ளைகள்தாம் கேலி செய்யாமலிருக்கவும் பழகுகிறார்கள். ஆகவே படப்புத்தகத்தை எழுத்து வரும்வரைக்குமான ஊன்றுகோல் என்று கருதி, இரண்டாம் வகுப்போடு அலமாரியில் பூட்டிவிடுவது தவறு. பள்ளிக்கு வந்துசேரும் அந்தப் புத்தகங்கள் கிழிந்துவிடும் என்று அஞ்சாமல் தரையில் விரிக்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் அதற்குத் தரப்பட வேண்டும். அந்த வேளையில் தேர்வும் மதிப்பெண்ணும் கூடாது.

கொமேனியஸ் 1670 நவம்பர் 15-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் காலமானார். அருகிலுள்ள நார்டன் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். நாடும் வீடும் அகராதியும் இழந்தவர் விட்டுச்சென்றது, எந்த மொழிக் குழந்தையும் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு நூல். நம் வகுப்பறைகளில் இன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் முன் ஒரு படத்தை விரித்து வைத்துக் காத்திருக்க ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு அனுமதிப்பது நம் கல்வித் துறையின் கடமை.

கட்டுரையாளர்: பணிநிறைவு பெற்ற ஆசிரியர்.