ஜோ சிஃபர்ட்டும் பந்தயக் கைக்கடிகாரமும்



முகப்பில் இரண்டு மூன்று சிறு வட்டங்கள் கொண்ட பழைய கைக்கடிகாரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குரோனோகிராஃப் என்பார்கள். மணி காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் நொடிக்கணக்கும் எடுக்கும். சிலவற்றின் விளிம்பில் வேக அளவு இருக்கும். மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 நொடி ஆகியிருந்தால் முள் 80-ஐக் காட்டும். அதுதான் மணிக்கு உங்கள் வேகம்.

பந்தய வீரர் கட்டியது என்று சொல்லி இவற்றைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் ஜோ சிஃபர்ட்டின் கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

1936-இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பூ விற்றார். ராணுவத்தார் சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிப் பழைய விலைக்குப் போட்டார். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தொடங்கிக் காருக்கு வந்தார். 1968-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி பந்தயத்தை வென்றார். பெரிய கம்பெனி அணிக்காக அல்ல, ராப் வாக்கர் என்ற தனியாரின் காரில்.

1969-இல் ஹோயர் கடிகார நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. சட்டையிலும் காரிலும் ஹோயர் சின்னம், கையில் ஹோயர் ஆட்டாவியா. மொத்த விலைக்குக் கடிகாரம் வாங்கிச் சக வீரர்களுக்கு விற்று லாபமும் பார்த்தார். பூ விற்ற பையன் அல்லவா!

1970-இல் லெ மான்ஸ் படத்தில் நடித்த ஸ்டீவ் மெக்வீன், சிஃபர்ட்டைப் போலவே உடை அணிந்தார். ஆனால் கையில் கட்டியது ஹோயரின் சதுர வடிவ மொனாக்கோ. இன்று பந்தயக் கடிகாரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்த மொனாக்கோதான். நிஜ வீரர் கட்டியது ஒன்று, நடிகரால் பேர் வாங்கியது வேறொன்று.

1971 அக்டோபர் 24. வெற்றி தந்த அதே பிராண்ட்ஸ் ஹாட்சில் சிஃபர்ட்டின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. மோதலில் அவர் உயிர் போகவில்லை. களத்தோரம் வைத்திருந்த தீயணைப்புக் கருவிகள் வேலை செய்யாததால், வெளியே வரமுடியாமல் புகையில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 35. அதன் பிறகே பந்தயக் காருக்குள் தீயணைப்புக் கருவியும், வீரருக்குச் சுவாசக் காற்றும் கட்டாயமாயின.

வங்கியில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் செக்கைப் பாஸ் செய்யமாட்டோம். கடிகாரத்துக்கும் அதே விதிதான். வீரரின் பெயரைச் சொன்னால், பழைய புகைப்படமோ ரசீதோ கேளுங்கள். அப்படியே, உங்கள் மாடிப்படி அருகே தொங்கும் சிவப்பு சிலிண்டரின் காலாவதித் தேதியையும் இன்றே ஒருமுறை பாருங்கள்.