ராஜா தீன் தயாள்

நம் அன்னூர்ப் பக்கத்து வீடுகளில், நிலைக்கு மேலே பாட்டனார் படமொன்று சட்டமிட்டுத் தொங்குவதை அன்பர்கள் கண்டிருப்பர். அப்பழம்படத்தின் கருமை மையன்று. நுண்துகளாய்ப் படிந்து நின்ற வெள்ளியே. அவ்வெள்ளியைப் பணிகொண்டு, ஐரோப்பியரே பெரிதும் கையாண்டுவந்த ஒரு கலையில் முதன்மை பெற்ற இந்தியர் ஒருவரின் வரலாற்றை இன்று எழுதப் புகுகின்றோம்.

தீன் தயாள் 1844-ம் ஆண்டு மீரத்துக்கு அடுத்த சர்தானாவில் பிறந்தார். ரூர்க்கி தாமஸன் கல்லூரியில் என்ஜினீயரிங் பயின்று, இந்தூரில் மராமத்து இலாகா உத்தியோகத்தில் அமர்ந்தார். 1874-ம் ஆண்டையொட்டிக் காமிராவைக் கையிலெடுத்தார். இந்தூர் மகாராஜா துக்கோஜி ராவ் அவரை ஆதரித்தார்.

அந்நாளில் படமெடுத்தல் எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டின்மீது அயோடைடு உப்புக் கலந்த கலோடியன் என்னும் பசையைப் பூசி, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்ப்பர். தகட்டில் வெள்ளி அயோடைடு உண்டாகும். காமிராவில் ஒளி பட்டவிடத்து அவ்வுப்பில் கண்ணுக்குப் புலனாகாத மாறுதல் நிகழும். பின்னர் அன்னபேதிக் கரைசலை ஊற்றினால், அவ்விடங்களில் வெள்ளி படிந்து உருவம் எழும். எஞ்சிய உப்பை ஹைப்போவால் கரைத்தகற்றினால் உருவம் நிலைக்கும். தகடு உலருமுன் இவ்வளவும் முடிதல் வேண்டும்; ஆதலின் வெளியூர் செல்வோர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர். 1871-ல் மாடக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் வெளியிட்ட உலர்தகட்டு முறை பரவிய பின்னரே இத்தொல்லை நீங்கிற்று.

1882-ல் லெப்பல் கிரிபின் துரையுடன் மத்திய இந்தியாவைச் சுற்றிய தீன் தயாள், அங்குள்ள புராதனக் கட்டடங்களைப் படமெடுத்தார். பின்னர் ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் ஆஸ்தானப் படக்காரராகி, சிகந்தராபாத்தில் நிலையம் நிறுவினார். கோஷா ஸ்திரீகளுக்கென்று ஹைதராபாத்தில் தனி நிலையமும் ஏற்படுத்தி, அதனை ஒரு மாதின் பொறுப்பில் விட்டார். நிஜாம் அவருக்கு ராஜா பட்டம் அளித்தார்.

அரசர் வேட்டையையும் வைசிராய் பவனியையும் படமெடுத்தவரைத் தேசபக்தர் ஏன் போற்ற வேண்டுமெனச் சிலர் வினவலாம். வினா நியாயமே. ஆனால் 1899–1900-ம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில், நிஜாம் ராஜ்யத்து நிவாரண வேலைகளையும் அவர் படமெடுத்தார். அதிகாரிகளின் தருமத்தைக் காட்டுதற்கு எடுக்கப்பெற்ற படங்களாயினும், அவற்றில் நாம் காண்பது வற்றிய மக்களையே. வெள்ளி உப்பு முகஸ்துதி அறியாது. தன்மேல் விழுந்த ஒளியை மட்டும் அறியும்.

1905-ல் அவர் காலமானார். அவருடைய நிலையத்தின் 2,857 கண்ணாடித் தகடுகளை 1989-ல் டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிக் காத்து வருகின்றது.

அவர் காலத்தில் திறமை நம்முடையது. தகடும் லென்ஸும் பெரும்பாலும் பிறருடையவை. அக்குறையை நீக்கவே, சுதந்திர இந்தியா 1960-ல், மேட்டுப்பாளையம் கடந்து மலையேறினால் அடையும் உதகையில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையைத் தோற்றுவித்தது. நம் நாட்டில் ஆக்கிய பிலிம் நம் கடைகளுக்கு வந்தது. காமிராவுக்குப் பிலிமே வேண்டாத காலம் பிறந்தபின் அத்தொழிற்சாலையும் மூடப்பட்டது. தொழிலைக் காக்கத் தவறினோம். அத்தொழில் ஈந்த படங்களையேனும் காத்தல் நம் கடனன்றோ?

பெருங்கலைஞரின் தகடுகளைக் காக்க டில்லி உண்டு. நம் ஊரார் படங்களைக் காக்க நாமே உளோம். அவற்றை ஈரச்சுவரினின்றும் வெயிலினின்றும் அகற்றி வையுங்கள். படத்திலுள்ளோர் பெயரை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளைச் சுரண்டி வெறுங் கண்ணாடியாய் விற்றல் வேண்டா. பெயர் மறைந்தபின் வெள்ளி நின்றும் பயனில்லை.