உதுவன்கந்தைச் சரதியேல்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு வழியே செல்வோர், மாவனல்லைக்கு அருகே பாறைகள் செறிந்த குன்றொன்றைக் காண்பர். உதுவன்கந்தை என்பது அதன் பெயர். அதனைப் புகலிடமாகக்கொண்டு வழிப்பறி நடாத்திய சரதியேலை அறியாதார் இலங்கையில் மிகச் சிலரே.

அவன் 1832ஆம் ஆண்டிற் பிறந்தவன். தந்தை சிலாபப் பகுதியினர். தாய் மாவனல்லைப் பகுதியினர். இளமையிற் கொழும்புப் படைவீடொன்றில் ஏவல் வேலை பார்த்தான் என்பர்.

அது கோப்பிப் பயிர் கொழித்த காலம். தேசாதிபதி பார்ன்ஸ் ஆட்சியில், 1820களில் வெட்டப்பட்ட கண்டித் தெருவழியே மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளிற் கொழும்புக்கு இறங்கிற்று. தோட்டங்களுக்கு வேண்டிய பணமும் பண்டமும் அவ்வழியே ஏறின. கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இலேதான். ஆகவே பெருஞ்செல்வம் மாட்டின் நடையில் ஊர்ந்தது. காவலோ மிகச் சிறிது. செல்வம் பெருகியும் காவல் பெருகாத இடத்திற் கள்வர் தலைவன் தோன்றுதல் வியப்பன்று.

சரதியேலின் கூட்டத்திற் பல இனத்தாரும் இருந்தனர். சோனகரான மம்மலே மரிக்கார் அவனுக்கு உயிர்த்தோழர். செல்வரிடம் பறித்து வறியோர்க்கு வழங்கினான் எனும் புகழும் அவனைச் சூழ்ந்தது. இங்கிலாந்து மக்கள் ராபின் கூட்டைப் பாடியவாறே இலங்கை மக்கள் இவனைப் பாடினர். அரசினரோ அவன் தலைக்குப் பரிசு விதித்தனர்.

பரிசு தன் வேலையைச் செய்தது. கூட்டத்தைச் சேர்ந்த சிறிமலை என்பான் அவனைக் காட்டிக்கொடுத்தான். 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனல்லையில் அவன் தங்கிய வீட்டைப் பொலிசார் சூழ்ந்தனர். அப்போது மரிக்கார் சுட்ட குண்டுக்குக் கொஸ்தாப்பல் சபான் பலியானார். தோழர் இருவரும் பிடிபட்டுக் கொலைக்குற்றவாளிகளாய்த் தீர்க்கப்பட்டு, அவ்வாண்டு மே 7ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். அப்பொழுது சரதியேலுக்கு அகவை முப்பத்திரண்டு. ஈராண்டின் பின், 1866 செப்டம்பர் 3ஆம் நாள், காம்பெல் துரை தலைமையேற்க இலங்கைப் பொலிஸ் சேவை புதுவடிவு பெற்றது.

சரதியேல் வறியோர்க்கு ஈந்தது மெய்யேயாகலாம். அந்நியராட்சியில் எளியவன் முறையிட வாயில் காணாதவிடத்து, அவ்வாட்சியை எதிர்த்தோன் எவனாயினும் வீரனாகத் தோன்றுதல் மக்கள் மனத்தின் இயல்பு. ஆயினும் அத்தெருவில் அஞ்சியஞ்சி வண்டியோட்டியோரும் வறியோரே. கொஸ்தாப்பல் சபானும் செல்வர் அல்லர். கூலிக்குக் காவல் நின்றவர். கதை கேட்போர் இவர்களை எண்ணுவதில்லை.

கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ்காரராகச் சபான் இந்நாட்டிற் போற்றப்படுகின்றார். மார்ச் 21ஆம் நாள் ஆண்டுதோறும் பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூரப்படுகின்றது. குன்று கள்வனைச் சொல்கின்றது; நாள் காவலரைச் சொல்கின்றது. உதுவன்கந்தையைக் காணும்போது இருவரையும் நினைப்பதே முறையாகும்.