முதற் பட்டதாரி சி. வை. தாமோதரம்பிள்ளை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வன்னியின் வீடுகள் பலவற்றில் இப்பழமொழி மீண்டும் எழுகின்றது. பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிடும். தாயார் நேர்த்திக்கடனை நிறைவேற்றக் கோயிலுக்குப் புறப்படுவார். தந்தையாரோ, நான்கு ஆண்டு சென்றபின் உத்தியோகம் கிடைக்குமா, அதுவரை காலபோக விதைப்புக்கு யார் துணை, விடுதிச் செலவுக்கு என்ன வழி என்று எண்ணமிடுவார். பட்டம் பெற்றும் வேலைக்குக் காத்திருக்கும் அயல்வீட்டுப் பிள்ளை அவர் கண்முன் நிற்பான். அவருடைய கவலையைப் பிழையென்று ஒதுக்குதல் முறையன்று. ஆதலின், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரியாய் விளங்கிய ஈழத்துப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இவ்வினாவோடு சேர்த்து இம்மலரில் நோக்க விரும்புகின்றோம்.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை. இளமையிற் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிற் கற்றபின், 1844 இல் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்து எட்டு ஆண்டு பயின்றார். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடக்கிய அக்கல்லூரி ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தமிழ் ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தது. எனினும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. தாமோதரம்பிள்ளை அங்கிருந்து வெளியேறியபோது கல்வி கைவந்திருந்தது; பட்டம் கைவரவில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

கோப்பாயிற் சிறிது காலம் ஆசிரியராயிருந்த அவரைப் பேர்சிவல் பாதிரியார் சென்னைக்கு அழைத்தார். தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்விளைஞர், கடல் கடந்து, உறவினர் எவருமில்லாத பட்டினத்திலே உழைத்துப் பிழைக்கத் தொடங்கினார்.

1857 இல் சென்னையிற் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. இன்று நாம் பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபத்தையும் விடுதியையும் நூலகத்தையும் எண்ணுகின்றோம். அக்காலத்துச் சர்வகலாசாலையோ இலண்டனைப் பின்பற்றிப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் சபையாகவே இயங்கிற்று. அது நடத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர்; வட்டுக்கோட்டையின் வார்ப்புகள். முதலிடம் பெற்றவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் வட்டுக்கோட்டையிலே கணிதம் கற்பித்த விசுவநாதபிள்ளை. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே பரீட்சையில் அமர்ந்து ஒன்றாகத் தேறிய இந்நிகழ்ச்சி இன்றும் எண்ணி மகிழத்தக்கது.

அப்பட்டம் அவருக்கு என்ன தந்தது? முதலில், வாயில்களைத் திறந்தது. கள்ளிக்கோட்டை அரசினர் கல்லூரியில் ஆசிரியப் பதவி கிடைத்தது. பின்னர் சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் ஏற்றுப் படிப்படியாக உயர்ந்தார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1871 இல் பீ. எல். பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. 1882 இல் அரசாங்க சேவையினின்றும் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்திலே வழக்கறிஞராய் விளங்கினார். பின்னர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதியானார். 1895 இல் அரசினர் ராவ் பகதூர் என்னும் பட்டம் அளித்தனர்.

இவ்வளவோடு அவர் வாழ்வு நின்றிருந்தால், கணக்கு அதிகாரி ஒருவர் இருந்தார், இறந்தார் என்பதற்குமேல் எழுத ஒன்றும் இருந்திராது. நாம் இன்று அவரை நினைப்பது பிறிதொரு காரணத்தினாலாகும்.

அந்நாளிற் பழந்தமிழ் நூல்கள் பல பனையோலை ஏடுகளிலேயே கிடந்தன. எடுத்தால் ஓரம் உதிரும், அவிழ்த்தால் நடுவே முறியும் நிலையில் அவை இருந்தன. பாதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சியதில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. இன்னும் ஒரு தலைமுறை வாளாவிருந்தால் அவை திரும்பப் பெறமுடியாதவாறு அழிந்துவிடும் என்பதைத் தாமோதரம்பிள்ளை கண்டார். ஊர் ஊராக ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடம் துணிந்து, அச்சேற்றும் பணியை மேற்கொண்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, 1868 இல் அவரால் வெளியிடப்பட்டது. நாவலர் 1879 இற் சிவபதம் அடைந்தபின் அச்சுமை முழுவதையும் தாமே தாங்கினார். 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை, 1889 இல் சூளாமணியும் இலக்கண விளக்கமும் வெளிவந்தன. இவற்றுட் பெரும்பாலானவை ஐம்பது வயதுக்குப் பின் செய்த பணிகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். கைப்பணமும் செலவாயிற்று, அன்பர்களின் உதவியையும் நாடவேண்டியதாயிற்று. பிறந்த நாட்டையும் அவர் மறந்தாரல்லர். சைவப் பிள்ளைகள் கற்பதற்கென 1876 இல் ஏழாலையிலே ஒரு பாடசாலையை அமைத்தார். 1901 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் சென்னையிலே அவர் இறைவனடி சேர்ந்தார்.

இப்பொழுது எமது வினாவுக்குத் திரும்புவோம். பட்டம் பெற்றதனாலா அவர் பெரியாரானார்? அப்படிச் சொல்ல இயலாது. நாவலருக்குப் பட்டம் இல்லை. தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வாழ்ந்தபோது அந்நகர்க் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவரும், 1887 இற் சீவகசிந்தாமணியை அச்சேற்றியவருமான உ. வே. சாமிநாதையரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்றவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டவர். சென்னைச் சர்வகலாசாலை 1932 இற் கௌரவப் பட்டம் அளித்தபோது ஐயருக்கு வயது எழுபத்தேழு. ஆகவே பட்டமின்றியும் பேரறிவும் பெரும்பணியும் கைகூடும் என்பது தெளிவு.

அப்படியாயின் பட்டம் வீணா? அதுவுமன்று. தாமோதரம்பிள்ளையின் வாழ்விலே மூன்று பொருள்கள் தனித்தனியே தெரிகின்றன. கல்வி சுன்னாகத்திலும் வட்டுக்கோட்டையிலும் வந்தது. சான்று சென்னையில் வந்தது. அது பதவியையும் ஊதியத்தையும் அளித்தது. தொண்டு அவருடைய சொந்த நெஞ்சிலிருந்து வந்தது. எந்தப் பரீட்சையும் ஏடு தேடும்படி அவரைப் பணிக்கவில்லை. எனினும் அச்சான்று இல்லாதிருந்தால், ஏடு வருவிக்கவும் அச்சுக்கூலி கொடுக்கவும் அவரிடம் வசதி இருந்திராது. கணக்கேட்டிலே பழகிய கண் ஓலையேட்டின் பிழைகளைக் களையவும் உதவியிருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே எமது வீடுகளிற் குழப்பம் உண்டாகின்றது. பட்டம் வந்தால் அறிவும் உத்தியோகமும் மதிப்பும் ஒன்றாக வந்துசேரும் என்று நம்பிப் போகிறவன், உத்தியோகம் தாமதித்தவுடன் எல்லாம் பொய்யென்று நொந்துகொள்கிறான். எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் வகுத்துக்கொண்டவனுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளிற் சான்றின்றித் தொழில் இல்லை. அங்கே ஐயத்துக்கே இடமில்லை. பிற துறைகளிற் செல்வோர், பட்டத்தோடு கூட ஒரு கைத்திறனையும் ஒரு மொழியையும் தேடிக்கொள்ள வேண்டும். கமத்திலோ தொழிலிலோ உண்மையான நாட்டமுடைய பிள்ளையை, ஊரார் மதிப்புக்காக மட்டும் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளுவதும் தகாது. அவனும் தன் தொழிலைக் கற்றுத் தேறவேண்டியவனே.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. முதற் பட்டதாரிக்குக் கிடைத்தது பரீட்சை மட்டுமே. எம் பிள்ளைகளுக்கோ ஆசிரியரும் நூலகமும் ஆய்வுகூடமும் கிடைக்கின்றன. அவர் கடல் கடந்தார். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அரச பல்கலைக்கழகத்திற் படிப்புக்குக் கட்டணமில்லை. இடர்கள் பல கடந்து, போரிலே வீடும் புத்தகமும் இழந்து எழுந்த மண்ணிலே, தகுதி பெற்ற பிள்ளை செலவுக்கு அஞ்சி நின்றுவிடுதல் அக்குடும்பத்துக்கு மட்டுமன்று, ஊருக்கும் இழப்பாகும். அச்செலவிலே பங்கு கொள்வது எம்போன்ற சங்கங்களின் கடன் என்று கருதுகின்றோம்.

போகின்ற இளைஞர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. எமது ஊர்களிலே வைத்திய ஏடுகள், கோவலன் கூத்துக் கொப்பிகள், முதியோர் வாயிலே மட்டும் வாழும் கோயிற் பாடல்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. இடம்பெயர்வுகளில் அழிந்தவை போக, மீந்தவற்றைத் தேடி எழுதி வைப்பார் யார்? கற்றுத் திரும்பும் ஒருவர் அப்பணியைக் கையேற்பாராயின், ஏட்டுச் சுரைக்காயும் ஊருக்கு உதவும் என்பதைப் பெரியோர் ஒப்புக்கொள்வர். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.