ஜான் எஃப். கென்னடியின் அடிசன் நோய்

ஜான் எஃப். கென்னடி (மே 29, 1917 – நவம்பர் 22, 1963) ஐக்கிய அமெரிக்காவின் 35ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். இளமைக்கும் துடிப்புக்கும் அடையாளமாக உலகம் அறிந்த இவர், வாழ்வின் கடைசிப் பதினாறு ஆண்டுகளை அண்ணீரகச் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயுடன் கழித்தவர்.

நோயும் மருந்தும்

மாசச்சூசெட்சு மாநிலத்தின் புருக்ளைனில் பிறந்த கென்னடி, சிறுவயது முதலே அடிக்கடி நோயுற்றார். 1947இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது இலண்டனில் இந்நோய் கண்டறியப்பட்டது. கப்பலில் நாடு திரும்புகையில் அவருக்கு அவஸ்தைப்பூசுதல் அளிக்கப்பட்டது.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அண்ணீரகச் சுரப்பிகளின் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) இன்றி உடலால் உப்பைத் தக்கவைக்க இயலாது. இரத்த அழுத்தம் வீழும். 1937இல் சுவிட்சர்லாந்தின் ரைக்சுடைன் குழுவினர் செயற்கையாக உருவாக்கிய டெசாக்சிகார்ட்டிகோசிட்டிரோன் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. அன்றாடம் ஊசி போடுவதற்கு மாற்றாக, இம்மருந்தை வில்லையாக்கித் தோலுக்கடியில் புதைக்கும் முறையும் வந்தது. புதைத்த வில்லை மெல்லக் கரைந்து மருந்தை உடலில் சேர்க்கும். கென்னடிக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் வில்லைகள் பொருத்தப்பட்டன. பின்னர் நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் கார்ட்டிசோன் மாத்திரையும் சேர்ந்தது.

வில்லை காத்தது பெரும்பாலும் உப்புச் சமநிலையை மட்டுமே. காய்ச்சல், அறுவை போன்ற நெருக்கடிகளில் உடல் கூடுதலாகக் கேட்கும் கார்ட்டிசோலை அதனால் தர முடியாது. 1951இல் ஆசியப் பயணத்தின்போது தில்லியில் நேருவைச் சந்தித்த கென்னடி, அதே பயணத்தில் கடும் காய்ச்சலுற்று ஒக்கினாவா மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார். அக்டோபர் 1954இல் நியூயார்க்கில் நடந்த முதுகெலும்பு அறுவையின் பின் தொற்று ஏற்பட்டு, நினைவிழந்து மீண்டார். அந்த அறுவையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழொன்று 1955இல், பெயர் சுட்டாமல், 37 வயது நோயாளி ஒருவரின் வரலாறாக வெளியிட்டது.

மறைப்பு

1960 தேர்தலில் லிண்டன் ஜான்சன் தரப்பினர் இந்நோயை வெளிப்படுத்தினர். காசநோயால் சுரப்பி அழிவதே அடிசன் நோய் எனப் பொருள் கொண்டு, அது தமக்கில்லை எனக் கென்னடி தரப்பு மறுத்தது. தாமசு அடிசன் 1855இல் விவரித்த நோயாளிகள் பலருக்குக் காசநோய் இருந்தது உண்மையே. இந்தியாவில் அது இன்றும் குறிப்பிடத்தக்க காரணம். எனினும் காரணம் எதுவாயினும் குறைபாடு ஒன்றுதான். சொல்லளவில் பொய்யற்ற அம்மறுப்பு வாக்காளர்களிடமிருந்து உண்மையை மறைத்தது. அத்தேர்தலில் கென்னடி மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

பிணக்கூறாய்வில் அண்ணீரகச் சுரப்பிகள் காணப்படவில்லை என்பது 1992இல்தான் வெளிவந்தது. 2002இல் வரலாற்றாளர் இராபர்ட் டாலெக் மருத்துவ ஆவணங்களைப் பார்வையிட்டு விவரங்களை வெளியிட்டார். கென்னடியின் தங்கை யூனிசுக்கும் அடிசன் நோய் இருந்தது. இதனால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே தாக்கும் மரபுவழிக் கோளாறே காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.